கீழாநெல்லியை எலிக்குக் கொடுக்கும் முன்: மூலிகை ஆய்வுக்குப் புதியவர்களுக்கு

எம்.பார்ம் (மருந்தியல் முதுநிலைப் படிப்பு) இரண்டாம் வருடத்தில் பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான். கைடு ஒரு செடியின் பெயரைச் சொல்வார். மாணவர் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் அரைக்கிலோ பொடி வாங்குவார், அதை சாக்ஸ்லெட்டில் (கரைப்பானால் சாரத்தைப் பிரிக்கும் கண்ணாடிக் கருவி) போட்டு மெத்தனாலில் இறக்குவார், கிடைத்த கரும்பச்சைப் பிசினை கிலோவுக்கு 200, 400 மில்லிகிராம் என்று எலிக்குக் கொடுப்பார், "குறிப்பிடத்தக்க விளைவு காணப்பட்டது" என்று எழுதி முடிப்பார். பட்டம் வந்துவிடும். ஆனால் அந்தத் தீசிஸை வைத்துக்கொண்டு வேறொருவர் ஓர் அடிகூட முன்னே நகர முடியாது, ஏனென்றால் அந்தப் புட்டிக்குள் என்ன இருந்தது என்று எழுதியவருக்கே தெரியாது.

மூலிகை ஆய்வில் பாதித் தொல்லை அந்தப் புட்டியில்தான் இருக்கிறது. மீதிப் பாதி, எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதில். இந்த இரண்டையும் சரிசெய்ய என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன். உதாரணத்துக்குக் கீழாநெல்லி. நம் ஊரில் அதற்கு அறிமுகம் தேவையில்லை, அதோடு அதன் கதையில் எல்லாப் பாடமும் இருக்கிறது.

கதை சுருக்கமாக: 1988-இல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் வாங்கிய ப்ளூம்பெர்க்கோடு சேர்ந்து, லான்செட் இதழில் ஒரு முன்னோட்ட ஆய்வை வெளியிட்டது. அந்த வைரஸை நாள்பட்டுச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். செடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் இருந்த வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது, போலி மருந்து (மருந்துபோலத் தோன்றும் வெற்றுச் சரக்கு) எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்து, நியூசிலாந்து என்று வேறு இடங்களில் செய்து பார்த்தார்கள், அந்தப் பலன் வரவில்லை. 2011-இல் காக்ரேன் தொகுப்பாய்வு கிடைத்த சோதனைகளை எல்லாம் அலசி, போலி மருந்தைவிட மேல் என்று நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று முடித்தது. செடி வேறா, அறுத்த பருவம் வேறா, ஆட்கள் குறைவா, முதல் முடிவே தற்செயலா என்று இன்றும் பேசலாம். எந்தக் கட்டத்தில் எது நழுவியிருக்கக்கூடும் என்று யோசிக்கத் தெரிந்துவிட்டால் உங்கள் ஆய்வைத் திட்டமிடவும் தெரிந்துவிடும்.

முதலில் நோய் தானாக எப்படிப் போகும் என்று பாருங்கள்

செடியைத் தொடும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது, ஆனால் யாரும் செய்வதில்லை. "கீழாநெல்லி மஞ்சள் காமாலைக்கு நல்லது" என்பது ஆய்வுக் கேள்வியே இல்லை. காமாலை ஒரு நோயல்ல, பல நோய்களின் அறிகுறி. நம் ஊரில் சாதாரணமாக வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் எந்த மருந்தும் இல்லாமலே இறங்கிவிடும். பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றும் ஹெபடைடிஸ் பி-யும் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்குத் தானாகவே போய்விடும். அந்த வாரங்களில் என்ன கொடுத்திருந்தாலும் பேர் அதற்குத்தான்.

நாள்பட்ட ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. அந்தப் புரதம் வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கு மறைந்தாலே அதிகம். அதனால்தான் 37-இல் 22 என்றதும் அத்தனை பரபரப்பு. ஆகவே உங்கள் கேள்வி எந்த நோய், எந்தக் கட்டம், எதை அளக்கப் போகிறேன், ஒன்றும் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்ற நாலுக்கும் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் கைடிடம் இன்னொரு வாரம் கேளுங்கள், தப்பில்லை.

வைத்தியரிடம் போகும்போது தராசையும் எடுத்துப் போங்கள்

சித்த மருத்துவரிடமோ ஊர் வைத்தியரிடமோ போனால் "என்ன செடி, என்ன நோய்" என்று கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எந்தப் பகுதி, பச்சையா காய்ந்ததா, எந்த மாதம் பறிப்பார், எதில் அரைப்பார், மோரிலா பாலிலா, வெறும் வயிற்றிலா, எத்தனை நாள், என்ன பத்தியம் எல்லாம் கேளுங்கள். "கொட்டைப்பாக்கு அளவு" என்பார். அவரையே உருட்டச் சொல்லி அந்த உருண்டையை அங்கேயே எடை போடுங்கள், நாலைந்து முறை உருட்டச் சொல்லி ஒவ்வொன்றையும் போடுங்கள், சராசரியும் வரும், ஏற்ற இறக்கமும் தெரியும். பின்னால் எலிக்கு டோஸ் முடிவு பண்ணும்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே உருப்படியான எண் அதுதான்.

அப்புறம், அவர் சொன்னதை எழுதிக்கொள்ளும் முன் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் ஆரோக்கியப்பச்சை விஷயத்தைப் படிக்க வேண்டும். அகத்தியமலையில் காணிப் பழங்குடியினர் களைப்பு தெரியாமல் இருக்கக் காயை மென்ற அந்தச் செடியிலிருந்து கேரள ஆய்வு நிறுவனம் ஒன்று 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது, உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியைக் காணிகளுக்குத் தருவதாக ஏற்பாடு செய்தது. உலகமெங்கும் அதை முன்மாதிரியாகப் பேசுகிறார்கள். அதிலும் குறைகள் சொல்பவர்கள் உண்டு, ஆனால் பங்கு என்ற ஒன்றை நினைத்தே பார்க்காத ஆய்வுகள்தான் இன்னும் அதிகம்.

பழைய ஏட்டைப் படிப்பதும் இதே மாதிரிதான், செய்முறையைப் படிக்க வேண்டும். சீனாவில் தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடியபோது ஆர்ட்டிமீசியா செடி ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. நாலாம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய கைநூலில், செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் கெடுக்கிறதோ என்று யோசித்து, 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரை வைத்துப் பிரித்தெடுத்தார். அதுதான் ஆர்ட்டிமிசினின் வந்த வழி, 2015-இல் நோபல். நம் ஆட்களோ குடிநீர் (கஷாயம்) என்று தெளிவாக எழுதியிருக்கும் மருந்தையும் மெத்தனாலில் இறக்குவார்கள்!

செடி அதுதானா?

இந்த இடத்தில் நேரத்தைச் செலவழிக்கக் கஞ்சப்படாதீர்கள். கீழாநெல்லி என்ற பெயரில் நம் வயல்வரப்பில் முளைப்பது ஒரே இனமல்ல. ஃபிலாந்தஸ் அமாரஸ் இருக்கும், பக்கத்திலேயே டெபிலிஸ் இருக்கும், யுரினேரியா இருக்கும், மதராஸ்படென்சிஸ் இருக்கும். நின்றுகொண்டு பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். பத்து மடங்கு லென்ஸை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அமாரஸ் பூவில் இதழ் ஐந்து, மற்றவற்றில் பொதுவாக ஆறு. பழுத்த காயை வெள்ளைத் தாளில் உடைத்து விதையைப் பாருங்கள்: அமாரஸ் விதையில் வரிகள் நீளவாக்கில் ஓடும், யுரினேரியாவில் குறுக்காக. பூவும் காயும் இல்லாத செடியைப் பறித்தால் இதெல்லாம் பார்க்க முடியாது. கடையில் வாங்கிய பொடியில் சுத்தமாக முடியாது.

2010-இல் வந்த ஓர் ஆய்வில், தென்னிந்தியாவில் 25 கடைகளில் கீழாநெல்லிச் சரக்கை வாங்கிப் பார்த்தார்கள். முக்கால்வாசிக் கடைகளில் பெரும்பாலும் அமாரஸ்தான், மீதியில் வேறு ஃபிலாந்தஸ் இனங்கள். இது நல்ல செய்தி என்றும் சொல்லலாம், அசோகப்பட்டை வாங்குபவர்களின் நிலைமை இதைவிட மோசம், நெட்டிலிங்கப் பட்டை கலந்து வருவது ஊரறிந்த சங்கதி. ஆனால் நாலில் ஒரு கடையில் மாறிப்போகும் சரக்கை வைத்து முடிவு எழுதலாமா?

பெயர்க் குழப்பம் கட்டுரைகளிலும் உண்டு. 1957-லேயே வெப்ஸ்டர் என்ற தாவரவியலாளர், ஃபிலாந்தஸ் நிரூரி என்பது அமெரிக்கக் கண்டத்துச் செடி என்று பிரித்துக் காட்டிவிட்டார். அதன் பிறகும் இந்தியச் செடியை நிரூரி என்று எழுதுவது பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. ப்ளூம்பெர்க் குழுவே 1987-இல் ஆய்வகச் சோதனை பற்றி எழுதிய கட்டுரையில் நிரூரி என்றுதான் போட்டார்கள், அடுத்த வருட லான்செட் கட்டுரையில் அமாரஸ். அதனால் பழைய கட்டுரைகளைத் தொகுக்கும்போது பெயரை அப்படியே நம்பாமல் எங்கே பறித்தார்கள் என்று பாருங்கள்.

செய்ய வேண்டியது: பூவும் காயும் உள்ள செடியை வேரோடு நீங்களே பறியுங்கள். இடம், தேதி, ஜிபிஎஸ் எண், மண், பக்கத்தில் என்ன பயிர் என்று குறித்துக்கொள்ளுங்கள் (பூச்சிமருந்து அடித்த வயலா என்பது முக்கியம்). நாலைந்து செடிகளை அழுத்திக் காயவைத்து ஹெர்பேரியம் (உலர்ந்த செடிகளின் காப்பகம்) தாளில் ஒட்டி, கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல ஹெர்பேரியம், திருச்சி ரேபினட் ஹெர்பேரியம் போன்ற ஓரிடத்தில் கொடுத்து அடையாளம் உறுதிசெய்து வவுச்சர் எண் வாங்குங்கள். "தாவரவியல் பேராசிரியர் ஒருவர் பார்த்துச் சொன்னார்" என்ற சான்றிதழ் மட்டும் போதாது. பத்து வருடம் கழித்து யாராவது சந்தேகப்பட்டால் போய்ப் பார்க்க ஒரு தாள் இருக்க வேண்டும்.

அனுமதிகள்

காட்டில் பறிப்பதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும். வெளிநாட்டு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவது, வெளிநாட்டவரோடு சேர்ந்து செய்வது, காப்புரிமை கேட்பது எல்லாம் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்துக்குள் வரும். தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது, சட்டம் 2023-இல் திருத்தப்பட்டிருக்கிறது, ஆகவே சீனியர் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல் இன்றைய விதியைப் படியுங்கள். காப்புரிமை ஆசை இருந்தால் இன்னொன்று: பாரம்பரிய அறிவை அப்படியே கொண்டுபோனால் இந்தியச் சட்டத்தில் காப்புரிமை கிடைக்காது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையே 1997-இல் சி.எஸ்.ஐ.ஆர். (இந்திய அறிவியல், தொழில் ஆய்வு மன்றம்) மறுபரிசீலனை கேட்டு ரத்தானது.

புட்டிக்குள் என்ன

இப்போது எக்ஸ்ட்ராக்ட், அதாவது செடியிலிருந்து இறக்கிய சாரம். நிழலில் உலர்த்துங்கள், பூஞ்சை பிடித்ததை எடுத்து எறியுங்கள், ஈரப்பதம் அளந்து எழுதுங்கள். கரைப்பானை வைத்தியர் சொன்ன முறைக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். நாலில் ஒன்றாக வற்றக் காய்ச்சும் கஷாயம் என்றால் அதையேதான் முதலில் சோதிக்க வேண்டும், மெத்தனாலை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். எத்தனை கிராம் காய்ந்த செடிக்கு எத்தனை கிராம் எக்ஸ்ட்ராக்ட் என்ற விகிதத்தைக் கட்டாயம் எழுதுங்கள். பாதிக் கட்டுரைகளில் இது இருக்காது, அது இல்லாமல் டோஸ் கணக்கே போட முடியாது.

அடுத்து ஹெச்.பி.எல்.சி. அல்லது குறைந்தது ஹெச்.பி.டி.எல்.சி. கைரேகை, இவை சாரத்தில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபி முறைகள். "ஆல்கலாய்டு உண்டு, டானின் உண்டு, சாப்போனின் உண்டு" என்று கூட்டல் கழித்தல் குறி போட்ட அட்டவணையை தயவுசெய்து வேதியியல் என்று காட்டாதீர்கள், அது எந்தச் செடிக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் வரும். கீழாநெல்லி என்றால் ஃபிலாந்தின், ஹைப்போஃபிலாந்தின் இரண்டையும் அளக்கலாம். ஆனால் இவை மார்க்கர், அதாவது செடியையும் தொகுதியையும் (ஒரே தடவையில் தயாரித்த சரக்கு, பேட்ச்) அடையாளம் காட்ட உதவும் பொருள்கள். வேலை செய்வது இவைதான் என்று அர்த்தமில்லை. இரண்டு மூன்று பருவத்தில், இரண்டு மூன்று இடத்தில் பறித்து அளந்து பாருங்கள், எண்கள் எவ்வளவு குதிக்கின்றன என்று பார்த்தால், வெவ்வேறு ஊர் ஆய்வுகள் ஏன் ஒத்துப்போவதில்லை என்று புரிய ஆரம்பிக்கும்.

எக்ஸ்ட்ராக்டை எப்படி விவரிப்பது என்பதற்கு 2022-இல் வந்த கான்ஃபைஎம்பி வழிகாட்டுதல் இருக்கிறது. பரிசோதனை ஆரம்பிக்கும் முன் படியுங்கள், கட்டுரை எழுதும்போது அல்ல.

சோதனைக் குழாயின் பொய்கள்

ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைப் பார்க்கும் டி.பி.பி.ஹெச். சோதனையில் நிறம் மாறியது என்றால் உங்கள் செடியில் பாலிபீனால் இருக்கிறது என்று அர்த்தம். டீத்தூளிலும் இருக்கிறது. அதிலிருந்து புற்றுநோய்க்குத் தாவாதீர்கள்.

செல்களை வைத்துச் செய்யும் எம்.டி.டி. சோதனையில் வேறொரு பொறி. உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும் என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் செடியில் இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் பொருள்களே செல் இல்லாமலும் அதைச் செய்துவிடும். சோதனைத் தட்டில் செல் போடாத குழிகளில் எக்ஸ்ட்ராக்டையும் சாயத்தையும் மட்டும் ஊற்றிப் பாருங்கள், அரைமணி வேலை. என்சைம் தடுப்புச் சோதனையா? டானின் எந்தப் புரதத்தையும் பிடித்து வீழ்படிவாக்கும், எல்லா என்சைமும் தடுக்கப்பட்டது போலத் தெரியும். டானினை நீக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள். நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டுகிறது என்று வந்தால் முதல் சந்தேகம் எண்டோடாக்சின், செடியோடு வந்த பாக்டீரியாவின் மிச்சம்.

தூய பொருளாகப் பிரித்தாலும் தப்பிக்க முடியாது. குர்குமின் இருக்கிறதே, அது ஒளிரும், உலோகத்தைப் பிடிக்கும், புரதத்தோடு வினைபுரியும், கரைசலில் சீக்கிரம் சிதையும், ஆகவே எந்தச் சோதனையில் போட்டாலும் ஏதாவது ஒரு 'பலன்' காட்டும். நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்த பின்பும், எது மருந்து என்று கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியாமல் மறைத்து, போலி மருந்தோடு ஒப்பிட்டு நடந்தவற்றில் வெற்றி என்று சொல்ல ஒன்றுமில்லை என்று 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் ஒரு விரிவான கட்டுரை எழுதினார்கள். மஞ்சளைத் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள், சோதனையைத்தான் திட்டுகிறேன்.

செறிவு பற்றி ஒரு எளிய எல்லைக்கோடு: எக்ஸ்ட்ராக்ட் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் போனால்தான் வேலை செய்கிறது என்றால் அதன் பின்னால் ஓடாதீர்கள்.

எலியும் கணக்கும்

விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல், குலுக்கல் முறையில் பிரிப்பது, அளப்பவருக்கு எந்தக் கூண்டு எந்தக் குழு என்று தெரியாமல் வைப்பது, இதெல்லாம் எல்லா மருந்துக்கும் பொது, இங்கே விரிக்கவில்லை. மூலிகைக்கென்று இருக்கும் சிக்கல் டோஸ்.

400 மில்லிகிராமையே எடுத்துக்கொள்வோம். எலி டோஸை மனித டோஸாக மாற்ற 6-ஆல் பெருக்கி 37-ஆல் வகுப்போம், கிலோவுக்கு சுமார் 65 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 3.9 கிராம் எக்ஸ்ட்ராக்ட். காய்ந்த செடியில் பத்து சதவீதம்தான் எக்ஸ்ட்ராக்டாகக் கிடைக்கிறது என்றால் 39 கிராம் காய்ந்த செடி, தினமும். சென்னை ஆய்வில் கொடுத்தது நாளுக்கு 0.6 கிராம் பொடி. வைத்தியரின் உருண்டையை எடை போட்டீர்களே, அதோடும் ஒப்பிடுங்கள். எலியில் வந்த பலன் மனிதரில் சாப்பிட முடியாத அளவுக்கு உரியது என்றால் அதைப் பாரம்பரியப் பயன்பாட்டுக்கு ஆதாரம் என்று எழுதக் கூடாது. வைத்தியர் டோஸில் தொடங்கி மேலே போங்கள், ஒரே டோஸில் நிற்காதீர்கள்.

அடுத்தது நோய் மாதிரி, அதாவது எலிக்கு நோயை எப்படி உண்டாக்குகிறோம் என்பது. நம் கல்லூரிகளில் கல்லீரல் என்றாலே பாராசிட்டமால் அல்லது கார்பன் டெட்ராகுளோரைடுதான். இரண்டுமே நேரடியாக விஷமில்லை, கல்லீரல் என்சைம்கள் அவற்றை மாற்றிய பிறகுதான் விஷமாகின்றன. உங்கள் எக்ஸ்ட்ராக்ட் அந்த என்சைமை வெறுமனே அடைத்துவிட்டால் போதும், எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் என்சைம்) அழகாக இறங்கியிருக்கும், கல்லீரலை அது காப்பாற்றியிருக்காது. அதிலும் ஒரு வாரம் முன்பே மருந்து கொடுத்துவிட்டு அப்புறம் விஷம் கொடுப்பார்கள், எந்த நோயாளி ஒரு வாரம் முன்பே தெரிந்துகொண்டு வருகிறார்? விஷம் கொடுத்த பின் மருந்து கொடுக்கும் குழு ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். இன்னொன்று, இந்த எலிக்கு வைரஸே இல்லை. ஆகவே ஹெபடைடிஸ் பி பற்றி இந்தச் சோதனை ஒரு வார்த்தையும் சொல்லாது, முன்னுரையில் அந்த நோயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாலும்.

இயற்கை என்பதால் பாதுகாப்பு என்று விடவேண்டாம்

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. சீனப் பெயர்கள் ஒன்றுபோல இருந்ததால் ஸ்டெஃபானியாவுக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா கலந்திருந்தது. நம் ஈசுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அந்த அரிஸ்டோலோக்கியா பேரினம்தான், கேட்டுக்குக் காரணமான அரிஸ்டோலோக்கிக் அமிலம் இவற்றிலும் உண்டு, சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றையும் உண்டாக்கும். பல மாதம் கழித்து வரும் இந்தக் கேட்டை, கிலோவுக்கு 2000 மில்லிகிராம் கொடுத்து 14 நாள் எலி சாகவில்லை என்று பார்க்கும் சோதனை கண்டுபிடிக்காது. நாள்பட்டுச் சாப்பிடும் மருந்தென்றால் நாள்பட்ட நச்சுச் சோதனை வேண்டும். மற்ற மருந்துகளோடு மோதுமா என்றும் பாருங்கள்: 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது ரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு ஏறியதாக 1998-இல் ஓர் ஆய்வு வந்தது. மிளகு குர்குமினுக்குச் செய்வதை நோயாளி சாப்பிடும் மற்ற மாத்திரைக்கும் செய்யலாம்.

மனிதரில் சோதிப்பது புதியவர் தனியாக இறங்கும் வேலை அல்ல, சித்த மருத்துவரும் நவீன மருத்துவரும் புள்ளியியல்காரரும் சேர்ந்து உட்கார வேண்டும். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் சி.டி.ஆர்.ஐ.-இல் (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவுசெய்யுங்கள். நிலவேம்பு மாதிரிக் கசப்பான மருந்தென்றால் போலி மருந்தும் கசக்க வேண்டும், இல்லையேல் கேப்சூலில் அடைத்துவிடுங்கள். முடிந்த பிறகு "உங்களுக்கு எது கொடுத்தோம் என்று நினைக்கிறீர்கள்" என்று எல்லோரையும் கேட்டுப் பதிவுசெய்யுங்கள், மறைப்பு நின்றதா உடைந்ததா என்று அதில் தெரிந்துவிடும்.

கடைசியாக எழுதும்போது

பலன் வரவில்லையா, அதையும் அப்படியே எழுதுங்கள். கீழாநெல்லி விஷயத்தில் தோற்றுப்போன சோதனைகளையும் யாரோ வெளியிட்டதால்தான் நமக்கு உண்மை நிலவரம் தெரியும். காசு வாங்கிக்கொண்டு மூன்று நாளில் ஏற்றுக்கொள்ளும் இதழ்களுக்கு அனுப்பாதீர்கள், வேலை தேடும்போது அந்தப் பெயர் உங்கள் பயோடேட்டாவில் நிற்கும். இனப்பெயர், வவுச்சர் எண், பகுதி, பறித்த தேதி, கரைப்பான், விகிதம், தொகுதி எண், குரோமட்டோகிராம் இத்தனையும் முறைகள் பகுதியின் முதல் பத்தியிலேயே வரட்டும். அப்புறம், சோதித்த அதே தொகுதி எக்ஸ்ட்ராக்டில் ஐந்து கிராமும், அரைக்காத செடியில் ஒரு கைப்பிடியும் லேபிள் ஒட்டிக் குளிர்பெட்டியில் தனியே வைத்துவிடுங்கள், பூட்டு இருந்தால் பூட்டியும் வையுங்கள், ஜூனியர்கள் இடம் வேண்டுமென்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். ரிவ்யூவர் அதைக் கேட்பது எப்போதும் எட்டு மாதம் கழித்துத்தான்.